அடும்பு: கடற்கரைக் கொடியை வீட்டில் வளர்க்கும் முறை

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வீடு கட்டுபவர்கள் முற்றத்துக்கு முதலில் வாங்கிப் போடுவது பெரும்பாலும் கொரியன் புல். உப்புக் காற்றும் உவர்த் தண்ணீரும் சேர்ந்து, இரண்டு கோடை தாண்டுவதற்குள் அதைத் திட்டுத் திட்டாகக் கருக்கிவிடுவதும் உண்டு. அந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றாத மணல்மேட்டில், அடும்பு பச்சைப் பாய் விரித்த மாதிரி படர்ந்து தினமும் காலையில் பூத்துக்கொண்டிருக்கும். அந்தக் கொடியை வீட்டுக்குக் கொண்டுவரலாம், சிரமம் இல்லை. ஆனால் மற்றச் செடிகளிடம் பழகிய கையோடு இதனிடம் போகக் கூடாது. நல்ல மண், தினசரித் தண்ணீர், மாதம் ஒரு கை உரம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தால் கொடி தழைக்கும், பூ மட்டும் வராது. அடும்புக்குச் செய்ய வேண்டிய வேலையில் முக்கால் பங்கு வெட்டுவதும் எல்லைக்குள் நிறுத்துவதும்தான்.

எது அடும்பு

ஊருக்கு ஊர் அடும்பு, அடம்பு, அடப்பங்கொடி, ஆட்டுக்கால் அடம்பு என்று சொல்வார்கள். தாவரவியல் பெயர் ஐப்போமியா பெஸ்-காப்ரே. சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வள்ளைக்கீரையும் இதே பேரினம். இலை தடிப்பாக, மெழுகு பூசிய பளபளப்போடு, நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். சங்கப் புலவர் மானின் குளம்போடு ஒப்பிட்ட கவட்டிலை இதுதான். காம்பைக் கிள்ளினால் பால் வடியும். பூ புனல் வடிவம், வெளிர் ஊதாவிலிருந்து அடர் ஊதா வரை இருக்கும், தொண்டைப் பகுதி இன்னும் கருத்திருக்கும். காலையில் விரிந்து, வெயில் ஏறி மதியம் தாண்டும்போது வாடிவிடும். ஒரு பூவுக்கு ஆயுள் ஒரே நாள். அதனால் பறித்துச் சாமி படத்துக்கு வைக்கலாம், மாலை கட்டலாம் என்று எண்ணி இதை நட வேண்டாம்.

புதியவர்கள் இதோடு குழப்பிக்கொள்வது நெய்வேலிக் காட்டாமணக்கை. பூ கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும். ஆனால் அது ஆளுயரத்துக்கு நிற்கும் புதர், ஏரி குளங்களை அடைத்துக்கொள்ளும் அந்நியச் செடி, இலை நீண்டு கூர்மையாக முடியும். குளக்கரையில் வெட்டிய குச்சியை யாராவது "அடும்பு" என்று கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள். ஒருமுறை வேரூன்றிவிட்டால் ஒழிக்கப் பெரும்பாடு. கடற்கரையில் ஊதாப் பூவோடு படரும் இன்னொரு கொடியும் உண்டு. அது அவரைக் குடும்பம், மூன்று மூன்று சிற்றிலையாக இருக்கும். கவட்டிலை இருக்கிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

கொடியின் சுபாவம்

இதைப் புரிந்துகொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொரு வேலைக்கும் காரணம் தானாகவே தெரிந்துவிடும். தாய்ச் செடிக்கு ஒரு தடித்த ஆணிவேர், மணலில் ஆழமாக இறங்கும். அங்கிருந்து நாலாபக்கமும் கொடிகள் ஓடும். 10 மீட்டருக்கு மேல் ஓடுவது சாதாரணம். ஓடும் கொடியின் ஒவ்வொரு கணுவும் ஈரமணலைத் தொட்டால் வேர்விடும். வேர்விட்ட கணு தனிச் செடி மாதிரி, தாயிடமிருந்து அறுத்தாலும் பிழைத்துக்கொள்ளும். காற்று மணலை அள்ளி மேலே போட்டால் கொடி அந்த மணலுக்கு மேலே ஏறி மறுபடி வேர்விடும். மணல்மேடு நிலைத்து நிற்பதில் இந்தக் கொடிக்கும் இராவணன் மீசைப் புல்லுக்கும் பெரிய பங்கு உண்டு.

மணலில் சத்து குறைவு, ஈரம் நிற்காது, நிழல் கிடையாது. இந்த மூன்றுக்கும் பழகிய செடிக்கு வளமான மண்ணையும் நிழலையும் கொடுத்தால் அது பூவைத் தள்ளிப்போட்டுக் கொடியாகவே ஓடும். களிமண்ணில் தண்ணீர் நின்றால் வேர் அழுகும். உப்பைத் தாங்கும், ஆனால் உப்பு தேவையில்லை. கடல் செடிதானே என்று உப்பைக் கரைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் செடிக்கு எந்த நன்மையும் இல்லை, பக்கத்தில் உள்ள மண்தான் கெடும்.

உங்கள் இடம் ஒத்துவருமா

நேரடி வெயில் நாளுக்கு 6 மணி நேரமாவது வேண்டும். எட்டு மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. மாமர நிழல், வீட்டின் வடக்குப் பக்கச் சந்து, பூவரசு அடி எல்லாம் வேண்டாம். அங்கே இலை பெரிதாகி, கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, பூ இல்லாமல் கிடக்கும்.

இடம் குறைந்தது 8 அடிக்கு 8 அடி. அதற்குக் குறைவென்றால் தொட்டிதான் சரி, அதைப் பின்னால் சொல்கிறோம். படுக்கையை, அதாவது கொடி நடும் பாத்தியை, சுற்றி இரண்டடி அகலத்துக்கு நடைபாதையோ வெறும் தரையோ விட வேண்டும். செங்கல்லை நிறுத்தி வரம்பு கட்டினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. கொடி அதன் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிடும். நுனி எங்கே போகிறது என்று கண்ணில் படுவதற்குத்தான் அந்த வெற்று இடம்.

பாம்பு பயம் பற்றி: அடர்ந்து படர்ந்த எந்தத் தரைச்செடிக்கு அடியிலும் எலி, தவளை, அவற்றைத் தேடிப் பாம்பு வரலாம். அடும்பு மட்டும் விதிவிலக்கு இல்லை. வாசல்படி, குழந்தைகள் விளையாடும் இடம், துணி காயப்போடும் இடம் இவற்றிலிருந்து மூன்றடியாவது தள்ளி நடுங்கள். ஆள் நடமாடும் தடத்தில் நட வேண்டாம். மிதிபட்டால் தண்டு நசுங்கிப் பால் வடிந்து அழுகும். படுக்கைக்குக் குறுக்கே போக வேண்டியிருந்தால் முதலிலேயே கல் பலகைகளைப் பதித்துவிடுங்கள்.

சர்க்கரைவள்ளி போட்டிருக்கும் தோட்டத்தில் அடும்பைச் சேர்க்காதீர்கள். கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டுக்கு அடும்பும் உறைவிடம். கிழங்கு அறுவடை செய்து முடித்த பிறகும் வண்டு இதில் தங்கி, அடுத்த போகத்துக்குத் தயாராக இருக்கும்.

எங்கிருந்து எடுப்பது

நர்சரிகளில் அபூர்வமாகத்தான் கிடைக்கும். மணல்மேட்டில் பிடுங்கக் கூடாது. 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளை மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் வகையில் வைத்திருக்கிறது. கோடியக்கரைச் சரணாலயம், மன்னார் வளைகுடாத் தீவுகள் போன்ற இடங்களில் ஓர் இலையைக்கூடத் தொடக் கூடாது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஒரு கொடியை இழுத்தால் அது பிடித்து வைத்திருக்கும் மணல் முழுவதும் கலையும்.

தெரிந்தவர் வீட்டு மனை, மீன்பிடிக் கிராமங்களில் வீட்டுக் கொல்லையில் படர்ந்தது, சாலைக்கு ஓடிவந்து வண்டிச் சக்கரத்தில் மிதிபடும் நுனி, இவைதான் நல்ல மூலம். உரியவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். ஒரே கொடியிலிருந்து எல்லாத் துண்டுகளையும் வெட்டாமல், ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் இரண்டு மூன்று படர்ச்சிகளிலிருந்து எடுப்பது முக்கியம். அடும்பு தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி. ஒரே கொடியின் துண்டுகளை மட்டும் நட்டால் தோட்டம் நிறையப் பூக்கும், காய் மட்டும் பிடிக்காது.

வெட்டும் முன் கொடியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மஞ்சளும் பச்சையும் கலந்த நூல் போன்ற கொத்தான் சுற்றியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வேரும் இலையும் இல்லாத ஒட்டுண்ணி அது. விரல் நீளத் துண்டு கூட வந்தால் போதும், உங்கள் தோட்டத்தில் மற்றச் செடிகளுக்கும் தாவும்.

துண்டு நட்டு வளர்ப்பது

புதியவர்களுக்கு இதுதான் சுலபம். சென்னை முதல் நாகை, இராமநாதபுரம் வரையிலான கடற்கரைக்கு இரண்டு பருவம் உண்டு. ஒன்று ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி நடு வரை. அப்போது நட்டால் பெருமழைக்கு முன்பே வேர் பிடித்துவிடும். இன்னொன்று தை, மாசி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நட்ட துண்டு அழுகுவதே அதிகம். சித்திரை வெயிலில் நட்டால் நிழல் கட்டித் தண்ணீர் ஊற்றி மாளாது.

1. கொடியின் இளம் நுனியும் வேண்டாம், மரமாகிப் பழுப்பேறிய அடிப்பகுதியும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே, பென்சில் கனத்தில் பச்சையாக இருக்கும் பகுதியில் 30 முதல் 40 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். நாலைந்து கணு இருக்க வேண்டும். ஏற்கெனவே கணுவில் வேர் இருந்தால் அது லாபம், மணலோடு தோண்டி எடுங்கள்.

2. வெட்டிய இடத்தில் பால் வடியும். நிழலில் ஒரு மணி நேரம் வைத்தால் காய்ந்து மூடிக்கொள்ளும். பால் வடிய வடிய ஈரமண்ணில் சொருகினால் வெட்டுவாய் அழுகலாம். பால் துணியில் பட்டால் கறை. கையில் பிசுபிசுத்தால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள்.

3. அடியிலுள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு நுனியில் இரண்டு இலை மட்டும் விடுங்கள். பெரிய இலைகளாக இருந்தால் அவற்றிலும் பாதியைக் குறுக்கே நறுக்கிவிடலாம். வேர் இல்லாத தண்டால் அத்தனை இலைக்கும் ஈரம் கொடுக்க முடியாது.

4. ரோஜாக் குச்சி மாதிரி செங்குத்தாகச் சொருகாதீர்கள். 8 செ.மீ. ஆழத்துக்கு ஒரு சால் கீறி, துண்டைப் படுக்கவைத்து, இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் போகும்படி மூடி, நுனியை மட்டும் வெளியே தூக்கிவிடுங்கள். படுத்த தண்டில் கணுவுக்குக் கணு வேர் வரும், செங்குத்துத் தண்டில் ஓரிரண்டு இடத்தில்தான் வரும்.

5. துண்டுக்குத் துண்டு மூன்றடி. 10 அடிக்கு 10 அடி இடத்துக்கு ஐந்து துண்டு போதும். நெருக்கி நட்டால் முதல் வருடம் அழகு, இரண்டாம் வருடம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் அழுகல்.

முதல் பத்து நாள் தென்னங்கீற்றோ பழைய நிழல்வலையோ மேலே கட்டி, தினமும் மாலையில் லேசாகத் தெளியுங்கள். இருக்கும் இலைகள் பழுத்து உதிர்ந்தால் பதற வேண்டாம், தண்டு பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கணுவில் புதுத் துளிர் வந்து, மெல்ல இழுத்தால் தண்டு வர மறுத்தால் வேர் பிடித்தாயிற்று. நிழலை எடுத்துவிடலாம். தண்டு கருத்து, அமுக்கினால் குழகுழவென்று இருந்தால் அது அழுகல். அந்தத் துண்டைப் பிடுங்கிப் போட்டு, அதே இடத்தில் இன்னொன்றை உடனே நடாமல் மண்ணை நாலு நாள் காயவிடுங்கள்.

விதையிலிருந்து

கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆனால் விதையில் வந்த செடிக்கு ஆணிவேர் உண்டு, பின்னால் வறட்சி தாங்கும். ஒவ்வொரு விதையும் தனி வம்சம் என்பதால் காயும் பிடிக்கும்.

காய் உருண்டையாக இருக்கும், பழுப்பாகிக் காகிதம் போல் உலர்ந்ததும் வெடிக்கும். உள்ளே பொதுவாக 4 விதை. விதை பட்டாணியைவிடச் சற்றுப் பெரிதாக, மேலெல்லாம் பழுப்பு வெல்வெட் முடியோடு இருக்கும். முதுகுப் பக்கம் உருண்டை, உள்பக்கம் இரண்டு சரிவாகச் சேரும் விளிம்பு. அந்த விளிம்பின் ஒரு முனையில், காம்பிலிருந்து பிரிந்த தழும்பு வட்டமாகத் தெரியும். அதை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். குண்டூசித் தலை அளவு ஓட்டை இருக்கும் விதைகளைக் கழித்துவிடுங்கள். உள்ளே புழு தின்று வெளியேறிய விதை அது.

தோட்டக்காரர்கள் வழக்கமாக விதையைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைப் பொக்கு என்று வீசிவிடுவார்கள். அடும்பில் அதைச் செய்யாதீர்கள். இதன் நல்ல விதையும் மிதக்கும். மாதக்கணக்கில் கடலில் மிதந்து வேறு கரையில் ஒதுங்கி முளைப்பதற்காக உள்ளே காற்றுவெளி வைத்துப் படைக்கப்பட்ட விதை. உலகத்தின் வெப்பமண்டலக் கரைகள் முழுக்க இந்தக் கொடி பரவியிருப்பதற்கு அதுதான் வழி.

மிதக்க விடும் அந்தக் கெட்டித் தோல் முளைப்பதற்குத் தடையும்கூட. அப்படியே புதைத்தால் பல மாதம் கல்லாகக் கிடக்கும். எனவே தோலைத் தேய்க்க வேண்டும். விதையைக் குறட்டால் மெதுவாகப் பிடித்து, தழும்புக்கு எதிர்ப்பக்க முதுகில், 80ஆம் நம்பர் உப்புத்தாளில் தேயுங்கள். முதலில் முடி போகும், பிறகு கறுப்பு ஓடு தெரியும், இன்னும் தேய்த்தால் எள் அளவுக்கு வெளுத்த புள்ளி தெரியும். அங்கே நிறுத்திவிடுங்கள். தழும்புப் பக்கம் தேய்த்தால் முளைக்குருத்து சிதையும். கொதிநீர் ஊற்றும் வழியும் சொல்வார்கள். சில விதை முளைக்கும், சில வெந்துவிடும். கைவேலைதான் நம்பகம்.

தேய்த்த விதையைச் சாதாரணத் தண்ணீரில் 24 மணி நேரம் ஊறவையுங்கள். சரியாகத் தேய்ந்தது இரு மடங்காக உப்பும். உப்பாததைத் துடைத்து, அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் தேய்த்து மறுபடி ஊறவையுங்கள். உப்பிய விதையை அன்றே ஊன்ற வேண்டும், தள்ளிப்போட்டால் புளித்துக் கெடும்.

ஆறங்குல அகலம், எட்டங்குல உயர நர்சரி கவரில், கவருக்கு ஒரு விதை, 2 செ.மீ. ஆழம். வெயிலில் வையுங்கள், மண்ணுக்குச் சூடு வேண்டும். தேய்த்து ஊறிய விதை பெரும்பாலும் பத்து நாளுக்குள் தலைகாட்டும். முதலில் வரும் வித்திலை இரண்டும் ஆழமாகப் பிளந்து இருக்கும். அடுத்து வரும் முதல் சில இலைகளில் பிளவு அவ்வளவாகத் தெரியாது. விதை மாறிவிட்டதோ என்று அந்தக் கட்டத்தில் பிடுங்கிப் போடுகிறவர்கள் உண்டு. பொறுத்தால் கவட்டிலை வரும். ஐந்தாறு இலை ஆனதும் கவரைப் பிளேடால் கிழித்து, மண்கட்டி உடையாமல் இறக்குங்கள். ஆணிவேர் அறுந்தால் நாற்று வாரக்கணக்கில் அப்படியே நின்றுவிடும்.

மண்

கடற்கரை மணலை மூட்டை கட்டிக் கொண்டுவர வேண்டாம். அள்ளுவதே குற்றம், தவிர தேவையும் இல்லை. ஏற்கெனவே மணற்பாங்கான மனை என்றால் களை எடுத்து, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு பாண்டு மட்கிய தொழுவுரம் கலந்தால் போதும். அதுவும் நடும்போது ஒரே முறைதான்.

செம்மண்ணாக இருந்தால் பாதிக்குப் பாதி மணல் கலக்குங்கள். ஆற்று மணல் விற்கும் விலைக்கு, கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டே போதும். ஆனால் அப்படியே கொட்டாதீர்கள். அதிலுள்ள கல் மாவு ஈரத்தில் சிமெண்ட் மாதிரி இறுகி வடிகாலை அடைக்கும். பாண்டில் போட்டுத் தண்ணீர் விட்டு இரண்டு முறை அலசி, கலங்கல் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். பூச்சு வேலைக்கான பி-சாண்ட் வேண்டாம், மிக நைசு.

களிமண், கரிசல் மனையில் பலரும் செய்வது, ஓரடி குழி தோண்டி அதில் மணல் நிரப்புவது. அந்தக் குழி மழையில் தொட்டியாகிவிடும். சுற்றிலும் களி, தண்ணீர் போக வழியில்லை, வேர் மூழ்கிச் சாகும். தோண்டாமல் தரைக்கு மேலே ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டுங்கள். நாலு பங்கு மணல், ஒரு பங்கு செம்மண், அரைப் பங்கு தொழுவுரம். மேட்டின் ஓரம் சரிவாக இருக்கட்டும், கொடி அந்தச் சரிவில் இறங்கித் தானே மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

தண்ணீரும் உரமும்

புதுத் துண்டுக்கு முதல் பத்து நாள் தினமும் லேசாக, பிறகு வேர் பிடிக்கும் வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள். அடுத்து மூன்று மாதம் வரை வாரம் இரண்டு முறை. அதற்குப் பின் கோடையில் வாரம் ஒரு முறை ஆழமாக நனைத்தால் போதும். மழைக்காலத்தில் குழாயையே தொடாதீர்கள். வேர் பிடித்த பிறகும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் இருப்பதிலேயே கெட்ட பழக்கம். மேல்மண் ஈரத்தில் கணுவெல்லாம் மேலோட்டமாக வேர்விட்டுக் கொடி எல்லை தாண்டும், ஆழ வேர் இறங்காது.

மதியத்தில் இலை மடிந்து நிற்பதைப் பார்த்து ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அடும்பு வெயில் உச்சியில் இலையை மடக்கிக்கொள்ளும். மாலையிலும் நிமிராமல், இலை தடிப்புக் குறைந்து தோல் சுருங்கியிருந்தால்தான் தாகம்.

வேர் பிடித்த கொடிக்கு உவர்ப்பான ஆழ்குழாய்த் தண்ணீர் பிரச்சினை இல்லை. வீட்டு ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து இதற்கு ஊற்றலாம். மற்றச் செடிகளுக்கு ஆகாத தண்ணீர் இங்கே செலவாகும். நாற்றுக்கும் புதுத் துண்டுக்கும் மட்டும் நல்ல தண்ணீர்.

உரம்: நடும்போது போட்டதோடு சரி. யூரியா, மீன் அமிலம், பஞ்சகவ்யம் எதுவும் வேண்டாம். தழைச்சத்து ஏறினால் உள்ளங்கையைவிடப் பெரிய இலை வரும், பூ நின்றுவிடும். தொட்டியில் இரண்டு வருடம் ஆனதற்கு மட்டும், ஆவணியில் ஒரு கைப்பிடி மண்புழு உரம் கொடுக்கலாம்.

வெட்டுவது

மாதம் ஒரு முறை படுக்கையைச் சுற்றி நடந்து, வெற்று இடத்துக்குள் நீண்ட நுனிகளையெல்லாம் வெட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் இதை மூன்று வாரத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டும், அப்போது ஈரத்தில் கணு சீக்கிரம் ஊன்றிக்கொள்ளும். வெட்டும்போதே ஓரக் கொடிகளைக் கையால் தூக்கிப் பாருங்கள். 'பட் பட்' என்று கணு விடுபட்டால் சரியான நேரத்தில் வந்திருக்கிறீர்கள். தூக்க வராமல் கெட்டியாக இருந்தால் கொத்து எடுத்து வேரோடு தோண்டியாக வேண்டும். மேலே மட்டும் அறுத்தால் அங்கேயே தனிச் செடியாக மறுபடி முளைக்கும்.

இரண்டாம் வருடத்துக்குப் பிறகு நடுப்பகுதி மொட்டையாகும். தண்டு மட்டும் கயிறு மாதிரி கிடக்கும், இலையும் பூவும் ஓரத்தில்தான் இருக்கும். இது நோய் இல்லை, வயசு. ஆவணியில் நடுவிலுள்ள பழந்தண்டுகளைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டி எடுத்துவிட்டால், வடகிழக்குப் பருவமழைக்குள் புதுத் துளிர் மூடிவிடும். குமரி மாவட்டத்தில் தென்மேற்கு மழை வைகாசிக் கடைசியிலேயே பிடித்துவிடும் என்பதால் இந்த வேலையைப் பங்குனியில் முடியுங்கள். மொத்தப் படர்ச்சியையும் ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். பாதியை இந்த வருடம், மீதியை அடுத்த வருடம்.

வெட்டிய கொடியைப் பக்கத்துக் காலி மனையில் வீசினால் அங்கே படரும். சிமெண்ட் தரையில் பரப்பி இரண்டு வாரம் சருகாகக் காயவிட்டு, பிறகு மட்குக் குழியில் போடுங்கள்.

வரும் கோளாறுகள்

பூக்கவில்லை என்பதுதான் அதிகம் வரும் புகார். காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள்: வெயில் போதுமா, உரம் போட்டீர்களா, தண்ணீர் அதிகமா. இந்த மூன்றும் சரியாக இருந்தும் பூ இல்லையென்றால், ஒருவேளை மாதாமாதம் ஓரம் வெட்டும் சாக்கில் புதுக் கொடி எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறீர்கள். பூ இளங்கொடியின் இலைக்கக்கத்தில்தான் வரும். எட்டு மணிக்கு எழுந்து பார்க்காமல் மாலையில் வந்து பார்த்துவிட்டு "பூவே இல்லை" என்பவர்களும் இருக்கிறார்கள்.

இலையில் வட்ட வட்டமாக ஓட்டை இருந்தால் ஆமை வண்டு. தட்டையாக, ஓரம் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் வண்டு. அதன் புழு முள்ளுமுள்ளாக, தன் எச்சத்தையும் உரித்த தோலையும் வாலில் சுமந்துகொண்டு இலை அடியில் இருக்கும். கொடி பெரிதென்றால் விட்டுவிடலாம், நாற்றென்றால் காலையில் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

ஒரே இரவில் கிளைக் கிளையாக இலை காணாமல் போய், அடியில் மிளகு அளவுக் கறுப்பு எச்சம் கிடந்தால் வாலில் கொம்புள்ள பெரிய அந்துப்பூச்சிப் புழு. விரல் நீளம் இருக்கும், கண்ணில் பட்டுவிடும். கையாலேயே எடுத்துவிடலாம். பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள். இந்தப் பூவுக்குக் காலையில் வருவது மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் கருவண்டு. மருந்து முதலில் அதைத்தான் கொல்லும்.

இலைக்காம்பு இலையோடு சேரும் இடத்தில் எறும்பு நின்றால் பயப்பட வேண்டாம். அங்கே தேன் சுரக்கும் சிறு சுரப்பி இருக்கிறது, எறும்பு அதற்காக வருகிறது. ஆனால் கணுவில் வெள்ளைப் பஞ்சும் அதன் மேல் எறும்பும் சேர்ந்திருந்தால் அது மாவுப்பூச்சி. லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், ஒரு சிட்டிகை சோப்பு, நன்றாகக் குலுக்கி, பூ வாடிய பிறகு மாலையில் அடியுங்கள்.

இலையின் மேல் மஞ்சள் புள்ளி, அதற்கு நேர் கீழே சுண்ணாம்புக் கொப்புளம் என்றால் வெள்ளைத் துரு. மழைக்காலத்தில் நெரிசலான படர்ச்சியில் வரும். அந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிட்டு, கொடியை விலக்கிக் காற்று போக வழி செய்யுங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

விதையைக் குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெல்லி மீன் கொட்டினால் இலைச்சாறு தடவும் வழக்கம் கடலோரத்தில் உண்டு என்றாலும், வீட்டில் இருக்கிறதே என்று கைவைத்தியத்தில் இறங்க வேண்டாம்.

மாடியில், தொட்டியில்

உயரமான தொட்டியோ 18 அங்குல ஆழ குரோபேக்கோ எடுங்கள். அகலத்தைவிட ஆழம் முக்கியம். அடியில் நாலைந்து ஓட்டை, மேலே சொன்ன மேட்டு மண் கலவை. பந்தல் கட்டி ஏற்ற முயல வேண்டாம். இது தரையில் ஓடும் கொடி, சுற்றிப் பிடித்து ஏறுவதில் சாமர்த்தியம் போதாது. கைப்பிடிச் சுவர் ஓரம் வைத்து வெளியே தொங்கவிட்டால் நன்றாக இருக்கும். தொங்கும் கொடி மூன்றடி தாண்டினால் வெட்டுங்கள், காற்றில் அடிபட்டுக் கணு ஒடியும். தொட்டியிலிருந்து இறங்கிய கொடி மாடித்தரையில் தேங்கிய தூசியில்கூட வேர்விடும். தளத்தின் விரிசலுக்குள் அது நுழையாமல் மாதம் ஒருமுறை நகர்த்திப் பாருங்கள்.

கடலை ஒட்டிய வீடு என்றால்

வீட்டு மதிலுக்கு வெளியே, அலைக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள மணலில் நீங்களாக நடாதீர்கள். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை முட்டையிட ஏறும் கரை அது. அடர்ந்த வேர்கள் முட்டைக் குழிக்குள் ஊடுருவினால் குஞ்சு சிக்கும். அங்கே ஏதாவது நடுவதானால் வனத்துறையிடம் கேட்டுச் செய்ய வேண்டிய வேலை. மதிலுக்குள் நட்ட உங்கள் கொடி வெளியே ஓடினால் அது இயல்பாகப் போகும் இடம்தான் என்றாலும், வெட்டிய குப்பையை மட்டும் கடற்கரையில் கொட்டாதீர்கள்.